நடுவில் எவ்வளவு நேரம் கடல்?

விமானப் பயணச்சீட்டு போட்டுக்கொடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்திருந்தால், நான் சொல்லப்போகிற சம்பவமே நடந்திருக்காது. மைசூரில் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தின் மாடியில், சின்ன டிராவல் ஏஜென்சி ஒன்றில் என் உத்தியோக வாழ்க்கை முழுவதையும் உட்கார்ந்தே கழித்தவன் நான். இப்போது விருப்ப ஓய்வு. அது என் விருப்பமா, என் ரத்த அழுத்தத்தின் விருப்பமா என்பதை டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

கவுண்டருக்கு முன்னால் உட்காருகிறவர் முதலில் கேட்பது விலை. அடுத்தது, “எத்தனை மணி நேரம்?” இரண்டாவது கேள்விக்கு உங்கள் திரை நொடியில் பதில் சொல்லிவிடும். பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏறக்குறைய பதினாலாயிரம் கிலோமீட்டர். நிற்காமல் போகிற விமானத்தில் பதினாறு, பதினேழு மணி நேரம். போகும்போது காற்று முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும், ஆகவே திரும்பி வர இன்னும் கொஞ்சம் கூட ஆகும். எல்லாம் சரியான கணக்கு. ஆனால் அது விமானத்தின் கணக்கு. விமானம் உங்களிடம் டிக்கெட் வாங்க வராது.

சம்பவத்துக்கு முன்னால் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அவிழ்ந்துகொள்ளும். கிலோமீட்டர், அடி, டிகிரி என்று வாயிலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும். ஒருமுறை லிப்டில் மாட்டிக்கொண்டபோது, கூட நின்ற முன்பின் தெரியாத மனிதருக்கு உலகத்தின் நீளமான ஓடுபாதைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்ததும் அவர் படிக்கட்டு வழியாக ஓடினார். லிப்டுக்குப் பயந்து ஓடினார் என்று நான் நினைக்கவில்லை.

சரி, சம்பத் சார் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மேல்கோட்டை வழி வந்த ஐயங்கார் குடும்பம். பல தலைமுறையாக இங்கேயே இருப்பதால் அவர்கள் வீட்டுத் தமிழில் கன்னடம் தாராளமாகக் கலந்திருக்கும். சரஸ்வதிபுரத்தில் வீடு. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோய், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். ஒரே மகள் வைதேகிக்கு சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலை. அவளுடைய விசா இழுபறியில் இருந்தது. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. ஆறு வருடமாக அப்பாவும் பெண்ணும் போன் திரையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவளால வர முடியாது ஸ்டீபா. நான்தான் போகணும். உடம்பு தாங்கறப்பவே போயிட்டு வந்துடணும்” என்றார் சார். டாக்டர் யோசித்து யோசித்து ஒரு தடவைக்குச் சம்மதித்திருந்தார். மகள் இருக்கும் ஊரில் வெளியூர் நோயாளிக்கு டயாலிசிஸ் நாற்காலி கிடைப்பது குதிரைக்கொம்பு. வைதேகி நாயாய் அலைந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு வாங்கிவைத்திருந்தாள்.

டிக்கெட் போடுவதற்கு முன் நான் சார் போகிற ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்கே போனேன். அங்கே சீனியர் நர்ஸ் சிஸ்டர் பிலோமினா. எங்கள் பங்கு ஆலயத்துக்கு வருகிறவர்தான். கோயிலில் பாட்டுக் குழுவை எப்படி அதட்டுவாரோ அப்படித்தான் ஆஸ்பத்திரியிலும்.

“எத்தனை மணி நேரம் ஸ்டீபன்?”

“பதினாறு, பதினேழு சிஸ்டர்.”

“அது பிளேனுக்கு. என் நாற்காலியிலேர்ந்து எழுந்திரிச்சு அந்த ஊர் நாற்காலியில உட்கார்ற வரைக்கும் எவ்வளவு?”

விரலை மடக்கினேன். மைசூரிலிருந்து பெங்களூர் முழுவதையும் தாண்டி ஏர்போர்ட், அங்கே காத்திருப்பு, விமானம், அந்தப் பக்கம் குடியேற்ற வரிசை, வைதேகி வீட்டுக்குக் கார், ஒரு ராத்திரித் தூக்கம். விரல் தீர்ந்துவிட்டது.

“ரெண்டு நாள். அதுக்குள்ள முடியணும். அதுக்கு மேலயும் கொஞ்சம் சமாளிப்பாரு. ஆனா எவ்வளவுன்னு உன்கிட்ட சொல்லமாட்டேன். சொன்னா அதையும் சேர்த்து நீ டிக்கெட் போடுவ.”

“போடமாட்டேன் சிஸ்டர்.”

“போடுவ. வழியில ஏதாவது ஆனா எங்க இறக்குவாங்க?”

“வழியில கடல் சிஸ்டர்.”

அவர் கையுறையை மாற்றிக்கொண்டார். பிறகு, “அப்ப வழியில ஒண்ணும் ஆகாதபடி அனுப்பணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார்.

ஆகவே துபாய் வழியாக மாறிப் போகிற மலிவு டிக்கெட்டை மூடி வைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் பெங்களூரிலிருந்து நிற்காமல் போகிற விமானம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைசூரில் டயாலிசிஸ் முடியும். சனிக்கிழமை விடியும்போது டாக்ஸி. ஞாயிறு காலை அங்கே நாற்காலி. அந்த விமானம் வாரத்தில் எல்லா நாளும் கிடையாது. சனிக்கிழமையைத் தவறவிட்டால் அங்கே நாற்காலி போய்விடும். டாக்டர் இன்னொரு தடவை சம்மதிப்பார் என்று சம்பத் சாரே நம்பவில்லை.

இரண்டு பேர் டிக்கெட்டையும் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, சாரோடு கூடப் போகவிருந்த அவர் மனைவி வேதவல்லி மாமி காபி கொடுத்தார்.

“சனிக்கிழமையா? மேற்கே போறதுக்குச் சனி தோஷமில்ல. நல்லதாப் போச்சு.”

அந்த இடத்தில் நான் காபியைக் குடித்திருக்க வேண்டும். வாய் அதற்குத்தான் இருந்தது.

“மேற்கே இல்ல மாமி, இந்த பிளைட் கிழக்கே போகும். ஜப்பான் பக்கமா ஏறி, பசிபிக் கடலைத் தாண்டி” என்று ஆரம்பித்து, காற்று, தூரம் எல்லாவற்றையும் அடுக்கினேன்.

“அமெரிக்கா மேற்கேன்னா இருக்கு?”

“உலகம் உருண்டை மாமி. எப்படிப் போனாலும் வந்துடும்.”

“எப்படிப் போனாலும் வந்துடுங்கறதா விஷயம்? எப்படிப் போறோங்கறதுதானே விஷயம். சனிக்கிழமை கிழக்கே சூலம்.”

பேப்பருக்குப் பின்னாலிருந்து சாரின் குரல் வந்தது. “உலகம் உருண்டைன்னு சம்பளம் வாங்கிண்டு பாடம் நடத்தினவன் இங்க உக்காந்துண்டிருக்கேன். என்னை யாரும் கேக்கல்ல. பரஸ்தானம் வெச்சுட்டா ஆச்சு வேதா, அஷ்டே.”

அஷ்டே என்றால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். பரஸ்தானம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் பலமாகத் தலையாட்டினேன். வாடிக்கையாளர் சொல்கிற புரியாத சொல்லுக்குத் தலையாட்டுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி. நீங்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

பயணத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை காலை, மாமி ஆட்டோவில் எங்கள் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு சின்னத் துணிப்பை.

“ஸ்டீபன், இது இங்கயே இருக்கட்டும்ப்பா. நாளைக்குக் காலம்பற போறச்சே எடுத்துண்டு போயிடறோம்.”

“இருக்கட்டும் மாமி, நம்ம ஆபீஸ்தானே.”

ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மாமி படியிறங்கிப் போனபோது நடையில் ஒரு துள்ளல் இருந்தது. ஜாமானில் கொஞ்சம் குறைந்த சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஷட்டரை இறக்கும் முன் பையை அலமாரிக்குள் வைக்கப் போனேன். ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே இரண்டு பாஸ்போர்ட். சாருடைய மாத்திரைகள் மொத்தமும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் முதலாளியம்மா சொன்ன சட்டம் ஒன்று உண்டு: பயணியின் பாஸ்போர்ட் ஒரு ராத்திரிகூட நம் ஆபீசில் தங்கக்கூடாது. போதாததற்கு, விடிகாலையில் எங்கள் சந்து எப்படி இருக்கும் என்று யோசித்தேன். பூ மூட்டைகள், வாழையிலைக் கட்டுகள், தள்ளுவண்டிகள். டாக்ஸி நுழையவே முடியாது. செவ்வந்தி மூட்டைக்குப் பின்னால் டாக்ஸி நிற்கிறது, தலைக்கு மேலே விமானம் போகிறது, அதன் ஜன்னலோரத்தில் காலியாக ஒரு சீட். அந்தக் காட்சி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவுதான். பையை எடுத்து என் காரில் வைத்துக்கொண்டு நேரே சரஸ்வதிபுரம் போனேன். போகும் வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். மாமி சந்தோஷத்தில் இன்னொரு காபி கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது.

கேட்டைத் தள்ளப்போனேன். விளக்கேற்றிவிட்டு வெளியே வந்த மாமி பையைப் பார்த்தார்.

“அங்கயே நில்லு.”

நின்றேன்.

“உள்ள கால் வெக்காதே. பையைக் கீழேயும் வெக்காதே.”

பரஸ்தானம் என்பதன் பொருளை அந்த கேட்டுக்கு வெளியே நின்றுதான் கற்றுக்கொண்டேன். கிளம்ப வேண்டிய நாளும் திசையும் சரியில்லை என்றால், அதற்கு முன்பே நல்ல வேளையில் ஒரு பையைப் பயணத் திசையிலுள்ள தெரிந்த இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பை கிளம்பிய நேரம்தான் பயணம் கிளம்பிய நேரம். மறுநாள் ஆட்கள் போய் அதோடு சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் வீட்டுக்குக் கிழக்கே அவர்களுக்குத் தெரிந்த நம்பகமான இடம் எங்கள் ஆபீஸ். முக்கியமானது முதலில் கிளம்பட்டும் என்று பாஸ்போர்ட்டையும் மாத்திரையையும் வைத்திருக்கிறார். கிளம்பிய பை வீட்டுக்குத் திரும்பக்கூடாது. திரும்பினால் பயணம் கலைந்த மாதிரி. நான் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது மட்டுமல்ல, வெள்ளிக்கிழமை சூலம் மேற்கே இருக்கிறதாம். சரியாக அந்தத் திசையிலேயே கொண்டுவந்திருக்கிறேன்.

“நாங்க போகல்ல. பெருமாளே வேண்டாங்கறார். நீ போ” என்றார் மாமி. கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

சார் அந்த நேரம் டயாலிசிஸ் நாற்காலியில். வைதேகி அங்கே தூக்கத்தில். மறுநாள் மத்தியானம் விமானம். இங்கே கேட்டுக்கு இந்தப் பக்கம் நான், கையில் இரண்டு பாஸ்போர்ட். இப்படிப்பட்ட நேரத்தில் சொல்வதற்கு நம் தொழிலில் மூன்று பேச்சுகள் தயாராக இருக்கும். ஒன்று, டிக்கெட்டைத் திருப்பினால் பிடித்துக்கொள்வது எவ்வளவு என்ற பேச்சு. இரண்டு, இந்தக் காலத்தில் இதெல்லாம் பார்க்கலாமா என்ற பேச்சு. மூன்று, மகளின் ஏக்கம் பற்றிய பேச்சு. மூன்றையும் நான் சொல்லவில்லை. என் விவேகம் என்று நினைத்துவிடாதீர்கள். வியாதி முந்திக்கொண்டது.

“மாமி, விமானம் முப்பத்தஞ்சாயிரம் அடி உயரத்துல போகும், அங்க சூலமே இருக்காது, வெளியில மைனஸ் ஐம்பது டிகிரி” என்று ஆரம்பித்தேன்.

“மைனஸ் ஐம்பதா?” என்றார் மாமி.

“ஆனா உள்ள கம்பளி குடுப்பாங்க.”

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு வேறு குரலில் கேட்டார்.

“நடுவுல எவ்வளவு நேரம் கடல்?”

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்குத் தூரமும் நேரமும் சொல்லியிருக்கிறேன். இந்த மாதிரிக் கேள்வியை சிஸ்டருக்கு அடுத்தபடி இவர்தான் கேட்டார். சூலமும் பையும் என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குக் கிலோமீட்டர் எதுவோ, அவருக்குச் சூலம் அது. புருஷனுக்கு நடுவானத்தில் ஏதாவது ஆகிவிட்டால், கீழே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில், பக்கத்து சீட்டில் அவர் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல வாய் வராமல் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். என்னிடம் அப்போது ஒரு பொய் தயாராக இருந்தது. ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் மாமி, மத்ததெல்லாம் தரைமேலதான், என்று சொல்லியிருக்கலாம். அவர் உலக வரைபடத்தை விரித்துப் பார்க்கப்போவதில்லை. டிக்கெட்டும் பிழைத்திருக்கும். ஆனால் ஜன்னலோரம் உட்காரப்போகிறவர்கள் அவர்கள். மணிக்கணக்கில் கீழே கடலைப் பார்க்கப்போகிறவரிடம் அந்தப் பொய் எத்தனை நேரம் தாங்கும்?

“ஏறக்குறைய பாதி வழி மாமி” என்றேன். “கீழ தண்ணிதான் இருக்கும். அவசரம்னா இறக்கறதுக்குத் தீவு அங்கங்க உண்டு. ஆனா அங்க டயாலிசிஸ் இருக்குமான்னு எனக்குத் தெரியாது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. டிக்கெட் போட்ட நாள்லேர்ந்து சரியாத் தூங்கல.”

“நீ எதுக்குத் தூங்கல? நீயா போறே?”

“நான் போறதா இருந்தா போட்டிருக்கவே மாட்டேன் மாமி.”

அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது.

“சிஸ்டருக்குத் தெரியுமா, பாதி வழி கடல்னு?”

“முதல்ல கேட்டதே அவங்கதான். கேட்டுட்டுத்தான் போகலாம்னாங்க.”

“இவர் கேட்டாரா?”

“சார் கேட்கல. ஜன்னல் சீட்டு கிடைக்குமான்னுதான் கேட்டார்.”

“கேப்பார், கேப்பார்” என்றார் மாமி. “போன் போடு.”

சிஸ்டருக்குப் போட்டேன். அவர் போனைச் சாரின் காதருகே வைத்தார். ஸ்பீக்கரில் பின்னணியாக மெஷின் சத்தம் கேட்டது. மாமி நடந்ததைச் சொன்னார். என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்தே சொன்னார்.

“பை கேட்டைத் தாண்டித்தா?” என்றார் சார்.

“இல்ல. ஸ்டீபன் வெளில கையில வெச்சுண்டு நிக்கறான். வேர்த்து வழியறது.”

“பைக்கா?”

“அவனுக்கு.”

“அப்போ அது இன்னும் பயணத்துலதான் இருக்கு வேதா. கொஞ்சம் சுத்திண்டு போறது, அஷ்டே.”

“நான் அதை உள்ள எடுத்துக்கமாட்டேன்.”

“எடுத்துக்காதே. உன்னை யார் எடுத்துக்கச் சொன்னா?”

மாமி வீட்டைத் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் கட்டிவைத்த பெட்டிகள் தெரிந்தன. பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்:

“பை உள்ள வரக்கூடாது. நாம வெளில போயிடலாம்.”

“இப்பவேவா?”

“இப்பவேதான். உங்களுக்கு முடிஞ்சதும் அங்கேர்ந்தே கிளம்பிடலாம். ஆத்துக்கு வர வேண்டாம்.”

போனில் சிஸ்டரின் குரல் குறுக்கிட்டது. “நல்ல யோசனைம்மா. பின் சீட்டுல படுத்துக்கிட்டு வரட்டும். ராத்திரி ஏர்போர்ட் பக்கத்துல தூங்கினா, காலைல ரோட்ல அலையற அலைச்சல் மிச்சம். ஸ்டீபன், ரூம் போட உனக்குத் தெரியுமில்ல?”

அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு கையில் பையைப் பிடித்தபடியே மறு கையால் ரூம் போட்டேன், டாக்ஸிக்காரரை விடியற்காலைக்குப் பதில் உடனே வரச் சொன்னேன். அவர் வரும்வரை பையைக் கீழே வைக்க அனுமதி இல்லை. தெருவில் போனவர்கள் என்னைப் புடவை விற்க வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் வியாபாரம் ஆகாதவன். மாமி விளக்கை அமர்த்தினார், பால்காரருக்குப் போனில் நாளையிலிருந்து வேண்டாம் என்றார், பெட்டிகள் வெளியே வந்தன, வீட்டைப் பூட்டினார். டாக்ஸியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் கையிலிருந்து பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“நீயும் பயப்படாம ஆத்துக்குப் போ” என்றார்.

இந்த மாதிரிக் கதைகளில் மறுநாள் காலை நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்திருக்க வேண்டும். முன்னாலேயே கிளம்பியதால் பிழைத்தார்கள் என்று முடிக்க வேண்டும். விசாரித்தேன். சனிக்கிழமை காலை ரோடு துடைத்துவைத்த மாதிரி காலியாக இருந்ததாம். விடிந்தபின் கிளம்பியிருந்தாலும் தாராளமாகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் மாமி கிளம்பியிருக்க மாட்டார். அந்த வெள்ளிக்கிழமை நான் சமாளிக்க வேண்டியிருந்தது ரோட்டை அல்ல.

ஆகவே, யாராவது எத்தனை மணி நேரம் என்று கேட்டால், திரையைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எதிலிருந்து எது வரைக்கும்? ஒருவர் வீட்டு வாசலைச் சொல்வார், ஒருவர் ஆஸ்பத்திரி நாற்காலியைச் சொல்வார், ஒருவர் பையைச் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு அதற்குப் பதில் சொல்லுங்கள். கேட்காத எதையும் சொல்லாதீர்கள், விமானம் எந்தத் திசையில் பறக்கிறது என்பது உட்பட. கேட்டதை மட்டும் மறைக்காதீர்கள்.

விமானம் கிளம்பியதும் அது போகும் பாதையைக் காட்டும் வரைபடத்தை என் போனில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜப்பானைத் தாண்டிக் கடலுக்குள் நுழைந்ததும் அந்தக் குட்டி விமானம் நகர்வதே தெரியவில்லை. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, “நீங்க பார்க்கலைன்னாலும் அது போகும்” என்று போனைப் பிடுங்கி வைத்தாள். ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பும்போது, இறங்கிவிட்டார்கள் என்று வைதேகியிடமிருந்து செய்தி வந்தது. ஆனாலும் நாற்காலி பாக்கி இருந்தது. அங்கே காலை என்றால் நமக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அதுவரை நான் என் வீட்டாருக்கு என்னென்ன புள்ளிவிவரம் சொன்னேன் என்பதை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

தட்டு முன்னால் உட்கார்ந்தபோது சிஸ்டர் பிலோமினா கூப்பிட்டார்.

“உட்கார்ந்துட்டாரு ஸ்டீபன். ஊசி போட்டாச்சு, மெஷின் ஓடுது. வீடியோவுல காட்டினாங்க.”

எனக்கு ஒரு புள்ளிவிவரமும் நினைவுக்கு வரவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

“ஆனா எடை ஏகத்துக்கு ஏறியிருக்கு” என்றார் சிஸ்டர். “அளவாக் குடிங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன். பிளைட்ல குடுத்த ஜூஸையெல்லாம் குடிச்சிருக்காரு மனுஷன். ஓசியில வந்ததை எப்படி வேண்டாங்கறதுன்னு என்னையே கேட்கிறாரு.”

“திட்டினீங்களா சிஸ்டர்?”

“எனக்கு எங்க இடம் குடுத்தாங்க? அவர் பொண்ணு பக்கத்துல நின்னுகிட்டு விடாம திட்டுது. பாதி தமிழ், பாதி கன்னடம். நான் போனை வைக்கிறேன்னு சொன்னதுகூட அங்க யாருக்கும் கேட்கல.”

“சார் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. அவ கையைப் பிடிச்சுகிட்டு, இன்னும் கொஞ்சம் திட்டுன்னு சொல்ற மாதிரி பார்த்துகிட்டே படுத்திருக்காரு.”